ராணி மாதிரி வைத்துக்கொள்வது பற்றி

மகனே,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இங்கே யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அப்படி ஆரம்பிக்கக் கை வரவில்லை. கல்யாண வேலைகளைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சரி. பெண் வீட்டார் மரியாதையானவர்கள், பெங்களூர் கண்டோன்மெண்டுத் தண்டில் குடித்தனம் வைக்க வீடும் பார்த்தாயிற்று, எல்லாம் சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாய். வருகிறவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடமாட்டேன், கடைத்தெருவுக்கு நடக்க விடமாட்டேன், அப்பா அம்மாவை வைத்துக்கொண்ட மாதிரி நானும் அவளை ராணி மாதிரி வைத்துக்கொள்வேன் என்று. உன் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் "இன்னொரு தபா படிங்க" என்றாள். படித்தேன். "பாவம், அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன் அம்மாவுக்குக் கால் நோவு வந்த கதை உனக்கு என்னவென்று தெரியும்? கண்ணேறு பட்டுவிட்டது, இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, தங்கச் சுரங்கத்துப் புகை, பாறை மில்லுத் தூசி. இதெல்லாம் நான் உனக்குச் சொன்னது. உனக்கு மட்டுமில்லை, நந்திதுர்க் சுரங்கத்து லைன் வீடுகள் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்றும் இல்லையடா. அவள் காலைக் கெடுத்தவன் நான். என் தலைப்பாகையும் என் வறட்டு ஜம்பமும். இதை நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அதனால் எழுதுகிறேன். கல்யாண நேரத்தில் அப்பன் இப்படி அழுது வடிகிறானே என்று நினைக்காதே. கல்யாணம் என்பதால்தான் எழுதுகிறேன்.

குடியாத்தத்துப் பக்கம் மழை பொய்த்து நாங்கள் இங்கே வந்தபோது நீ அவள் இடுப்பில் இருந்தாய். ரயில் அப்போது இந்த ஊருக்குள் வரவில்லை. கடைசி ஸ்டேஷனில் இறங்கி மேடும் பள்ளமுமாக நடந்து வந்தோம். நான் வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தேன், அவள் உட்காரவில்லை. உன்னையும் சுமந்து, தலையில் கேழ்வரகு மூட்டையையும் சுமந்துகொண்டு, "இன்னா, ஆம்பள நீங்க, அதுக்குள்ள களைச்சிட்டீங்களா" என்று கேலி பண்ணிக்கொண்டே முன்னால் போனாள். வந்த பிறகும் அப்படித்தான். விடிந்ததும் தண்ணீருக்குப் போவாள், வரும்போது குடத்தின் வாயில் கீரையைச் செருகிக்கொண்டு வருவாள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, எங்கே என்ன முளைத்திருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். களியும் கீரைக் குழம்பும் தின்றுவிட்டு நான் ஷிப்டுக்குப் போனால் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கி ஏறி வரும்வரைக்கும் பசி தெரியாது. அந்த நாளில் நம் வீட்டுக்கு மருந்து என்று ஒன்று வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. தலைப்பாகை வந்தது, கோட்டு வந்தது, என்னைக் கண்டால் பீடியை மறைக்கிற ஆட்கள் வந்தார்கள். களி தின்கிறவன் வெறும் கூலி, மேஸ்திரி என்றால் அரிசிச் சோறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். அரிசி மில்லில் தீட்டின வெள்ளை வெளேரென்ற பச்சரிசி, மூன்று வேளையும். உன் அம்மாவுக்கு அது இறங்கவில்லை. தனக்காகக் கொஞ்சம் கேழ்வரகு அரைத்துக்கொள்கிறேன் என்றாள். லைன் வீடுகள் உனக்குத் தெரியாததா? ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். ஏந்திரக்கல் சுற்றுகிற சத்தம் கேட்டால் மேஸ்திரி வீட்டில் கேழ்வரகு அரைக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே! அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். பாறை இடிக்கிற மில்லுச் சத்தம் காற்றோடு நம் பக்கம் வருகிற நேரம் பார்த்துத்தான் அரைக்க வேண்டும். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துதான் இனிமே நான் துன்னணுமா?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர அப்படியே செய்தாள்.

ஒரு நாள் மத்தியானம். என் ஆட்கள் நாலைந்து பேர் வாசலில் நிற்கிறார்கள். நான் எந்தக் கடை அரிசி நல்ல அரிசி என்று பெரிய மனுஷத் தோரணையில் அளந்துகொண்டிருக்கிறேன். மில்லில் என்ன ரிப்பேரோ, சட்டென்று நின்றுவிட்டது. ஊரே ஓய்ந்த மாதிரி இருந்தது. அந்த அமைதியில் நம் வீட்டுக்குள்ளிருந்து கர்ர், கர்ர் என்று ஏந்திரம் சுற்றுகிறது, கூடவே உன் அம்மா பாடுகிறாள். கல்லைச் சுற்றும்போது அவளுக்குப் பாட்டு தானாக வரும். ஒருத்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னா மேஸ்திரி, வூட்டுக்குள்ள தங்கம் அரைக்கிறீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். எனக்கு மானம் போய்விட்டது. மறுநாளே அந்தக் கல்லைப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவள் புருஷன் சுரங்கத்தில் மண் வாருகிறவன், அவர்களுக்கு மானம் ஒன்றும் போகாது என்று என் கணக்கு. என் புத்தியைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

கல் போன பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. மேஸ்திரி பெண்சாதி குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதா என்று தண்ணீருக்கு ஆள் வைத்தேன். கூடையோடு சந்தைக்குப் போவதா என்று சாமானை வீட்டுக்கே வரவழைத்தேன். கீரை பறிக்கக் குனிவது கேவலம். எங்கேயாவது கூப்பிட்டார்கள் என்றால், கூப்பிடு தூரம்தான் என்றாலும், ஜட்கா. வீட்டில் இருந்தபடியே காப்பி, சர்க்கரையை அள்ளிப் போட்ட காப்பி, கடைப் பலகாரம். லைனில் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள், குடுத்து வச்சவ என்றார்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து குடத்தோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை, "நானும் சும்மானா கூட போய்ட்டு வரட்டா? குடம் தூக்க மாட்டேன்" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாளடா. நான் முறைத்தேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

நீ அப்போது கோலாரில் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வரும்போது அம்மா சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்பா எவ்வளவு வசதியாக வைத்திருக்கிறார் என்று நினைத்தாய். நினைக்கட்டும் என்று நானும் விட்டேன். அவள் உடம்பு முதலில் பருத்தது, அதையும் பெருமையாகச் சொன்னேன். பிறகு கால் கனக்கிறது என்றாள். பாதம் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி நின்றது. அப்புறம் மரத்துப் போயிற்று, அடுப்புத் தணல் பட்டதுகூடத் தெரியாமல் இருந்தாள். நான் ஆள் வைத்து மந்திரித்தேன், தாயத்துக் கட்டினேன், சோற்றில் நெய்யை அதிகமாக ஊற்றச் சொன்னேன். எழுந்து நடக்கிறேன் என்றால் "உட்காரு, உட்காரு" என்று அதட்டினேன். நன்மை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புதிதாக வந்திருந்த டாக்டர் தமிழ்க்காரர், வெடுக்கென்று பேசுகிறவர். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவளைக் கேட்டார். மூன்று வேளையும் அரிசிச் சோறு, ஒரு குறையும் இல்லை என்று நான் முந்திக்கொண்டேன். "நான் அவங்களைக் கேட்டேன்" என்றார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாள். "ஊர்ல இருக்கச்சே கூழு குடிச்சேன், கீர துன்னேன், காடு மேடெல்லாம் நடந்தேன். காலு நல்லா இருந்துச்சு. இங்க வெறும் சோத்தத் துன்னுட்டு குந்திக்கினே கீறேன் சாமி. எனக்கு நடக்கணும்." டாக்டர் இந்த வியாதிக்கு இன்னதுதான் காரணம் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மில் அரிசியே கதி என்று இருக்கிற வீடுகளில் இப்படிப்பட்ட கால்களைப் பார்க்கிறேன் என்றார். பழைய சாப்பாட்டுக்குத் திரும்புங்கள், வீக்கம் வடிய வடியக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விடுங்கள், விழாமல் பக்கத்தில் ஒருத்தர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். இப்படியே விட்டால் நடை ஒரேயடியாகப் போய்விடும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

கன்னியம்மா வீட்டில் போய் மாவு கேட்டு நின்றேன். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, களியாகவே கிண்டி, முருங்கைக்கீரையும் வதக்கிக் கொண்டு வந்து, "அக்கா, எழுந்து குந்து" என்று ஊட்டப் பார்த்தாள். உன் அம்மா கையைத் தட்டிவிட்டுத் தானே உருட்டிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். களியும் கீரையும் பயறுமாகக் கொஞ்ச காலம் போக, வீக்கம் வடிந்தது. முதலில் கன்னியம்மா கையைப் பிடித்து அறைக்குள்ளே நடந்தாள், பிறகு வாசல் வரை, பிறகு லைன் கோடி வரை. கன்னியம்மா வீட்டு வேலையைப் போட்டுவிட்டு எத்தனை நாள் வருவாள்? ஷிப்டு முடிந்து வந்து நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கொல்லைப் பக்கமாகத்தான் கூட்டிப் போவேன். ஏந்திரத்துக்குக் காற்றுப் பார்த்த அதே புத்தி, பார்த்தாயா, எங்கே போகும்?

ஆனாலும் அவளுக்கு முகம் தெளிந்து வந்தது. வழியில் கீரையைக் கண்டால் நின்றுவிடுவாள், குனிய முடியாது, என்னைப் பறிக்கச் சொல்வாள். அது கீரை இல்லை, களை என்று திட்டுவாள். லைனில் இன்னும் இரண்டு பேருக்குக் கால் வீக்கம் இருந்தது, அவர்களைக் கூப்பிட்டு வைத்து, "அரிசியை விட்டுத் தொலைங்கடி, எழுந்து நடங்கடி, என்னைப் பாருங்க" என்று அதட்டுகிறாள். அவர்களும் நடக்கிறார்கள். மேஸ்திரி வீட்டம்மாவே களி தின்கிறாள் என்றால் நமக்கென்ன என்று இப்போது நாலைந்து வீட்டில் கூச்சமில்லாமல் கேழ்வரகு அரைக்கிறார்கள். நான் போட்ட வழியில் போய்க் கெட்டவர்கள் அவள் நடந்த வழியில் திரும்புகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். இதோடு இந்தக் கடிதத்தை முடித்திருந்தால் உன் அப்பன் திருந்தின மனுஷன் என்று நீ நினைப்பாய். நேற்று நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நேற்று சாயங்காலம் அவள் பெரிய ரோட்டுக்குப் போகலாம் என்றாள். எனக்கு ரஜா நாள். கல்யாணத்துக்குள் நன்றாக நடந்து பழக வேண்டும், சம்பந்தி வீட்டில் என்னைத் தூக்கி இறக்கக் கூடாது என்றாள். எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் போனோம். இடது கையால் என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். நன்றாகத்தான் நடந்தாள். வெற்றிலைக் கடை தெரிகிற இடம் வந்தபோது, எதிரே பகல் ஷிப்டு முடிந்து ஆட்கள் கும்பலாக வந்தார்கள். முன்னால் வந்தவர்கள் என் ஆட்கள். நடுரோட்டில் மேஸ்திரி தன் பெண்சாதி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு உடம்பெல்லாம் குறுகிப் போயிற்று. துரையும் துரைசானியும் தினமும் கை கோத்துக்கொண்டு அந்த ரோட்டில்தான் நடக்கிறார்கள், அவர்களுக்கு நாங்கள் சலாம் போடுகிறோம். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. என் கையை உருவிக்கொண்டேன். அவள் இறுக்கிப் பிடித்தாள், நான் விரலை விலக்கித்தான் உருவினேன். உருவிக்கொண்டு, ஏதோ வெற்றிலை வாங்கவே வந்தவன் போலக் கடைக்குப் போய்விட்டேன்.

கும்பல் கடையண்டை நின்றது. ஆட்களோடு ஷிப்டு சமாசாரம் பேசினேன். புதிதாகச் சேர்ந்த ஒருத்தன், நம் வீட்டை அறியாதவன், ரோட்டைக் காட்டி, "மேஸ்திரி, அந்தம்மா தனியா நின்னுக்கினு தள்ளாடுறாங்க. உங்க கூட வந்தாப்புல இருந்துச்சே, உங்களுக்கு வேண்டியவங்களா?" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரோ லைன் பொம்பள" என்றேன். சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு தடவினேன். பழைய ஆட்களுக்குத் தெரியும் அவள் யார் என்று. ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கும் எனக்கும் நடுவில் பெரிய தூரம் ஒன்றும் இல்லை. அவள் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

கும்பல் கலைந்ததும் திரும்பினேன், ரோட்டில் அவளைக் காணோம். பள்ளத்தில் பார்த்தேன், புளியமரத்தடியில் பார்த்தேன், விழுந்து கிடப்பாளோ என்று லைன் வரைக்கும் ஓடினேன், தலைப்பாகை எங்கே விழுந்ததென்றுகூடத் தெரியாது. அவள் வாசலில் நின்று சொம்புத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். புடவையில் முழங்கால் பக்கம் செம்மண். எங்கேயோ விழுந்திருக்கிறாள், எழுந்திருக்கிறாள். காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. அக்கம்பக்கத்தில் பார்ப்பார்களே என்று அந்த நேரத்திலும் தோன்றிற்று, அதையும் உனக்கு மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"ஒண்டியாவே வந்துட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் ஆச்சரியமாகச் சொன்னாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நாளைலருந்து நீங்க வர வேணாம். உங்களுக்குக் கஷ்டமா கீது" என்றாள். அவ்வளவுதான். சாப்பாடு போட்டாள். இன்று காலையில் கன்னியம்மா வீட்டிலிருந்து ஒரு கழி வாங்கி ஊன்றிக்கொண்டு அவளே போனாள், அந்த இரண்டு பெண்களும் பின்னால் போனார்கள். நானும் வரட்டுமா என்று படியில் நின்றபடி கேட்டேன். அவள் ஒரு காலத்தில் என்னைக் கேட்டாளே, அப்படித்தான் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. அவள் முறைக்கக்கூட இல்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. காலையில் காப்பியும் பன்னும், ஆபீசுக்கு ஜட்கா, நாள் முழுக்க நாற்காலி, ராத்திரி ஓட்டல் சோறு என்று நீ இருப்பதைத் தண்டுக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். கோட்டுப் பொத்தான் போட முடியவில்லை என்று தையல்காரனோடு சண்டை போட்டாயாமே! தையல்காரன் என்னடா பண்ணுவான்? ஜட்காவை விடு, நடந்து போ. உன் வீட்டில் கேழ்வரகும் கீரையும் இருக்கட்டும், அதைச் சாப்பிடும்போது கதவைச் சாத்தாதே. வருகிற பெண்ணை உட்கார வைக்காதே. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேள், பதிலுக்கு நீ முந்திக்கொள்ளாதே. நடக்கிறேன் என்றால் கூட நட. இதெல்லாம் பட்டுக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வாயில்லை, நேற்றுத்தான் கையை விட்டேன்.

அம்மா உன் கல்யாணத்துக்கு வருகிறாள். ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறோம். தண்டு ஸ்டேஷனில் இறங்கியதும் ஜட்கா பேசி வைக்க வேண்டாம் என்று உனக்கு எழுதச் சொன்னாள், பெண் வீடு வரைக்கும் நடந்துதான் வருவாளாம். வழியெல்லாம் கல்லும் வண்டியுமாக இருக்கும், கழி மட்டும் போதாது. யார் கையைப் பிடித்துக்கொள்வாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீ ஸ்டேஷனுக்கு வா. பட்டணத்து ரோடு, உன் ஆபீஸ்காரர்கள் எதிரே வருவார்கள், கோட்டும் தொப்பியுமாக வருவார்கள். கழி ஊன்றி நடக்கிற இந்தப் பட்டிக்காட்டு அம்மாள் யார் என்று உன்னை ஒருவன் கேட்பான். அவள் கையை விடாமல், அவள் காதில் விழும்படி பதில் சொல்லு. நான் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருப்பேன், எனக்கும் கேட்கட்டும்.

உன் அப்பா